எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்கு சிபிடி: 60 பேர், நாலு மாசம், நான் ஒருத்தி. வழி சொல்லுங்க

செல்லம்பட்டிப் பொண்ணு கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். மதுரையில எம்.எஸ்சி. சைக்காலஜி கடைசி வருஷம் படிக்கிறேன். சொந்த ஊரு செல்லம்பட்டி பக்கம். எங்க தெருவுல பாதி வீட்டுக்கு மல்லிகைதான் சோறு போடுது. விடியிறதுக்கு ரொம்ப முன்னாடியே நெத்தியில டார்ச் லைட்டை மாட்டிக்கிட்டுப் பூப்பறிக்கப் போற பொம்பளைங்கதான் பகல்ல பூக்கட்டவும் உக்காருவாங்க.

இவங்கள்ல நிறைய பேரு "மனசே சரியில்ல பாப்பா, எதுலயும் நாட்டம் இல்ல, படுத்தா ஒரே யோசனை"ன்னு சொல்லக் கேட்டே வளந்தவ நான். அதுக்கு அவங்க செய்யிறதெல்லாம் ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏத்திக்கிறது, மெடிக்கல்ல சத்து மாத்திரை வாங்குறது, பாண்டி கோயிலுக்குப் போயி ஒரு கயிறு கட்டிக்கிறது, அம்புட்டுத்தான். கோயிலுக்குப் போறதை நான் குறை சொல்லல. ஆனா பேசித் தீக்கிற வைத்தியம்னு ஒண்ணு இருக்குங்கிறதே அவங்களுக்குத் தெரியாது. அதனாலதான் ப்ராஜெக்ட்டுன்னு வந்ததும் வேற யோசனையே இல்லாம சிபிடின்னு (காக்னிட்டிவ் பிஹேவியரல் தெரபி, நெனப்பையும் நடத்தையையும் மாத்தி மனசைத் தேத்துற பேச்சு வைத்தியம்) எழுதிக் கொடுத்தேன்.

இப்போ கைடு ஒத்துக்கிட்ட திட்டம் இது: மகளிர் சுயஉதவிக் குழுவுல இருக்கிற 60 பேரு. 30 பேருக்கு எட்டு செஷன் சிபிடி, மீதி 30 பேரு சிகிச்சை இல்லாம ஒப்பிட்டுப் பாக்க வச்சிருக்கிற கன்ட்ரோல் குரூப். ஆரம்பத்துல ஒரு தடவை, முடிவுல ஒரு தடவை மனச்சோர்வை அளக்கிற பெக் ஸ்கேல் போட்டு, ரெண்டு குரூப் சராசரியும் நிஜமாவே வேறயான்னு டி-டெஸ்ட் பாக்கணும். டிசம்பர்ல ஆரம்பிச்சு மார்ச்சுக்குள்ள டேட்டா முடியணும், ஏப்ரல்ல தீசிஸ் கொடுக்கணும்.

எனக்கு நாலு விஷயம் உறுத்துது. ஒண்ணு, இத்தனை பேரை நான் ஒருத்தியா பாக்க முடியுமா? ரெண்டு, சிபிடி புத்தகத்துல எல்லாம் எண்ணங்களை எழுதிட்டு வரச் சொல்றாங்க, இங்க பாதிப் பேருக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். மூணு, எனக்கு சிகிச்சை கொடுக்கத் தகுதி இருக்கா? நாலாவது, சாகணும்போல இருக்குன்னு யாராவது சொல்லிட்டா நான் என்ன செய்யணும்? இதை வகுப்புல யாரும் சொல்லித்தரல. கன்ட்ரோல் குரூப்புல இருக்கிறவங்க எங்க சித்தி, அத்தை முறையா இருப்பாங்க. அவங்க கஷ்டத்தைக் குறிச்சுக்கிட்டு ஒண்ணும் செய்யாம வர்றதும் மனசுக்கு ஒப்பல.

தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

நாகமலை அடிவாரம் பதில்:

நான் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். மதுரையில்தான் வேலை. வருஷா வருஷம் இப்படி ப்ராஜெக்ட்டோடு பிள்ளைகள் வருவார்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் கணக்கைப் பாரும்மா. 30 பேருக்கு எட்டு செஷன் என்றால் 240 செஷன். ஒரு செஷனுக்கு முக்கால் மணி நேரம் என்றாலும் 180 மணி நேரம். பன்னிரண்டு வாரத்தில் முடிக்க வாரத்துக்கு 20 செஷன் பார்க்க வேண்டும். நன்றாகப் பழகிய சிகிச்சையாளருக்கே அது முழு வார வேலை. நீ வகுப்புக்கும் போய், உசிலம்பட்டி பஸ்ஸும் பிடித்து, ஒவ்வொரு செஷனையும் எழுதி வைத்து, அதற்கு மூத்த சிகிச்சையாளரிடம் சூப்பர்விஷனும் வாங்க முடியாது. இது போக ஆள் சேர்க்க வேண்டும். பத்துப் பேரைக் கேட்டால் ஒருவர் பொருந்துவார் என்று வைத்துக்கொண்டால், 60 பேருக்கு 600 பெண்களிடம் பேச வேண்டியிருக்கும். கடைசியில் என்ன ஆகும் தெரியுமா? 30 பேரையும் மரத்தடியில் உட்கார வைத்து எட்டு வகுப்பு எடுத்து, அதற்கு சிபிடி என்று பெயர் வைப்பார்கள். அந்தப் பெண்களுக்கு அதனால் ஒன்றும் கிடைக்காது.

இன்னொன்று, முன்னால் ஒரு தடவை பின்னால் ஒரு தடவை அளப்பதில் பெரிய ஓட்டை இருக்கிறது. ஒருவர் மிக மோசமாக இருக்கும் நாளில்தான் ஸ்கோர் உச்சத்தில் இருக்கும், நாமும் அன்றைக்குத்தான் அவரைத் திட்டத்தில் சேர்ப்போம். இரண்டு மாதம் கழித்து அளந்தால், எதுவுமே செய்யாவிட்டாலும் பலருக்கு இறங்கித்தான் இருக்கும். ஒருவருடைய இரண்டு எண்ணை மட்டும் வைத்து அது உன் சிகிச்சையால் இறங்கியதா, தானாக இறங்கியதா என்று சொல்லவே முடியாது.

அதனால் ஐந்து அல்லது ஆறு பேரை எடு. மல்ட்டிபிள் பேஸ்லைன் என்ற முறை. எல்லாரையும் ஒரே நாளில் அளக்கத் தொடங்கு, ஆனால் சிகிச்சையை ஒருவருக்கு 7 நாள் கழித்து, அடுத்தவருக்கு 12, பிறகு 17, 22, 27 என்று தள்ளித் தள்ளித் தொடங்கு. ஒவ்வொருவருக்கும் அவரவர் சிகிச்சை தொடங்கிய பிறகுதான் மனநிலை ஏறுகிறது, காத்திருப்பவர்களுக்கு ஏறவில்லை என்று கோடு காட்டினால், அந்த ஐந்து பேரும் சேர்ந்து சொல்லும் சாட்சி இப்படி அவசரமாக முடிக்கும் 60 பேர் டி-டெஸ்ட்டைவிட வலுவானது. உன் உறுத்தலுக்கும் இதில் பதில் இருக்கிறது: கன்ட்ரோல் குரூப் என்று யாரையும் வெறுங்கையோடு அனுப்ப வேண்டாம். எல்லாருக்கும் சிகிச்சை கிடைக்கும், கொஞ்சம் முன்னே பின்னே.

இதற்கு தினமும் அளக்க வேண்டும். எழுதத் தெரியாதவர்களிடம் எப்படி என்று கேட்பாய். தினசரி காலண்டர் தொங்காத வீடு உங்கள் ஊரில் உண்டா? பின்பக்கம் அச்சில்லாத காலண்டராகப் பார்த்து நீயே வாங்கிக் கொடு. நீ ஆரம்பிப்பது ஜனவரி என்றால் வசதியாகவும் போச்சு. ராத்திரி படுக்கப் போகும்முன் அன்றைய தாளைக் கிழித்து, பின்னால் கோடு போடச் சொல். மனசு ரொம்பத் தெளிவாக இருந்தால் பத்துக் கோடு, குறையக் குறைய கோடும் குறையும். துளிக்கூடத் தெளிவில்லை என்றால் ஒரு வட்டம். வட்டத்தை விட்டுவிடாதே, ஏனென்றால் வெறும் தாள் வந்தால் மறந்துவிட்டாரா, மனசு அவ்வளவு மோசமா என்று உனக்குத் தெரியாது. தாள்கள் ஒரு பழைய டப்பாவில் சேரட்டும். தேதி தாளிலேயே இருக்கிறது, வீட்டில் யார் எடுத்துப் பார்த்தாலும் வெறும் கோடுதான் தெரியும். பேஸ்லைன், அதாவது சிகிச்சை தொடங்கும் முன் அளக்கும் நாட்கள், யாருக்கும் ஒரு வாரத்துக்குக் குறையக் கூடாது. குழுக்கடன் தவணை கட்டும் நாளில் எல்லார் கோடும் விழும். அந்த விழுதல் பேஸ்லைனுக்குள்ளேயே ஒரு தடவையாவது வந்துவிட வேண்டும்.

இதோடு பிஎச்கியூ-9 என்ற மனச்சோர்வுக் கேள்வித்தாளையும் போடு. ஒன்பது கேள்வி, 0 முதல் 27 வரை, காசு கொடுக்க வேண்டாம், தமிழ் வடிவமும் இருக்கிறது, வாசித்துக் காட்டிக் கேட்கலாம். பெக் ஸ்கேலுக்கு உரிமை வாங்க வேண்டும், யாரோ கொடுத்த ஜெராக்ஸை வைத்து ஆராய்ச்சி செய்யக் கூடாது. பிஎச்கியூ கடந்த இரண்டு வாரத்தைக் கேட்பது என்பதால் வாராவாரம் போட்டால் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை போதும். 10 முதல் 19 வரை இருப்பவர்களை எடுத்துக்கொள். 20 அல்லது அதற்கு மேல் என்றால் அவர்கள் உன் ப்ராஜெக்ட்டுக்கு உரியவர்கள் இல்லை, மனநல மருத்துவரிடம் உடனே அனுப்பப்பட வேண்டியவர்கள்.

அடுத்து, சிகிச்சை. எண்ணங்களைக் கட்டம் கட்டமாகப் பிரித்து எழுதும் தாள், சிபிடியை உருவாக்கிய ஆரோன் பெக் காலத்திலிருந்து சிபிடிக்கு அடையாளமாகிவிட்டது. ஆனால் சிபிடி என்றால் அந்தத் தாள் மட்டும்தான் என்று நினைக்காதே. 1996ல் நீல் ஜேக்கப்சன் குழு அமெரிக்காவில் சிபிடியைப் பகுதி பகுதியாகப் பிரித்துப் பார்த்தபோது, மனச்சோர்வுக்கு அதன் செயல் பகுதி மட்டுமே முழு சிகிச்சைக்கு ஈடாக நின்றது. அதைத்தான் பிஹேவியரல் ஆக்டிவேஷன் என்கிறோம். நம் நாட்டிலேயே கோவாவில் விக்ரம் படேல் குழு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 495 பேரிடம் இதைச் செய்து 2017ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டது. சிகிச்சை கொடுத்தவர்கள் மனநலம் படித்தவர்கள் இல்லை, பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். ஆறிலிருந்து எட்டு செஷன்தான். பாகிஸ்தானில் அதிஃப் ரஹ்மான் குழு கர்ப்பக் காலத்திலிருந்தே தொடங்கித் தாய்மார்களுக்கு கிராமத்து சுகாதாரப் பணிப்பெண்களை வைத்தே சிபிடி கொடுத்து 2008ல் பலனைக் காட்டியது. அதில் படங்களைத்தான் பயன்படுத்தினார்கள். உன் தீசிஸின் இரண்டாம் அத்தியாயத்துக்கு இந்த இரண்டும் கட்டாயம் வேண்டும்.

நடைமுறையில் எப்படி இருக்கும் என்று ஒன்று சொல்கிறேன், ஆள் தெரியாதபடி மாற்றித்தான். பூக்கட்டும் அம்மா ஒருவர். மத்தியானம் இரண்டு மணிக்குச் சுவரைப் பார்த்துப் படுத்தால் பொழுது சாயும்வரை எழுந்திருக்க மாட்டார். "படுத்தா யோசனை, எந்திரிச்சா அசதி" என்பார். காலண்டர் தாள்களைப் பாயில் வரிசையாகப் பரப்பினோம். இரண்டு கோடு, மூன்று கோடு, மறுபடி இரண்டு. நடுவில் ஒரு வியாழக்கிழமை மட்டும் ஆறு கோடு. அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டேன். ஒன்றும் இல்லையே என்றார். பிறகு யோசித்து, தங்கச்சி வந்து ரேஷன் கடைக்குக் கூட்டிப் போனதையும், திரும்பும்போது இரண்டு பேரும் கடையில் நின்று டீ குடித்ததையும் சொன்னார். அந்தத் தாளை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். அடுத்த வாரத் திட்டம் அதிலிருந்துதான் வந்தது: செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் படுக்கிற நேரத்துக்கு முன்பே பூவைத் தூக்கிக்கொண்டு தங்கச்சி வீட்டுத் திண்ணைக்குப் போய் அங்கே உட்கார்ந்து கட்டுவது. மனசு சரியானதும் போவது என்று இல்லை, சரியில்லாத நாளிலும் போவது. இதற்குப் பேனாவும் வேண்டாம், நோட்டும் வேண்டாம்.

ஒன்றை மட்டும் மனதில் வை. புருஷன் குடித்துவிட்டு வந்து அடிக்கிறான், கந்து வட்டிக்காரன் வாசலில் நிற்கிறான் என்று ஒரு பெண் சொன்னால், "இது உங்கள் எண்ணம்தானே, வேறு மாதிரி யோசிக்கலாமா" என்று தயவுசெய்து கேட்டுவிடாதே. அது சிகிச்சை இல்லை, கொடுமை. நிஜப் பிரச்சினைக்கு நிஜ வழி தேட வேண்டும்: யாரிடம் போகலாம், எந்த எண்ணைக் கூப்பிடலாம், எந்தக் கடனை முதலில் பேசலாம். சிபிடியில் பிரச்சினை தீர்க்கும் பயிற்சி என்று ஒரு பகுதியே இதற்காக இருக்கிறது.

தகுதி பற்றிக் கேட்டாய், கேட்டதே நல்லது. எம்.எஸ்சி. மாணவி தன் பொறுப்பில் சிகிச்சை கொடுக்கக் கூடாது. இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஒருவர் இணை வழிகாட்டியாக வேண்டும், வாராவாரம் சூப்பர்விஷன் வேண்டும். சம்மதம் வாங்கி செஷனை ஒலிப்பதிவு செய். சிலவற்றை அவர் கேட்டு, சிகிச்சையாளரின் திறமையை அளக்கும் காக்னிட்டிவ் தெரபி ஸ்கேலில் மதிப்பெண் போடட்டும். அதில் 11 அம்சம், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6, மொத்தம் 66. சிபிடி கொடுத்தேன் என்று தீசிஸில் எழுதுவதற்கு இது ஆதாரம். ஆறு பேர்தான் என்பதால் இதெல்லாம் முடிகிற காரியம்.

எதிக்ஸ் கமிட்டி அனுமதிக்கு இப்போதே எழுது. ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2017 வழிகாட்டுதலைப் பார்த்துக்கொள். படிக்கத் தெரியாதவரிடம் கைநாட்டு வாங்கினால் மட்டும் போதாது, சம்பந்தமில்லாத ஒரு சாட்சி முன்னால் வாசித்துக் காட்டியிருக்க வேண்டும். குழுத் தலைவி சாட்சியாக வேண்டாம், அவர் முன்னால் யாரும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள். சிகிச்சை ஆய்வுகளைப் பதியும் இந்தியப் பதிவேடான சிடிஆர்ஐயிலும் பதிவு செய். கட்டணம் கிடையாது. ஆனால் 2018 ஏப்ரல் 1 முதல், முதல் ஆளைச் சேர்க்கும் முன்பே பதிந்தால்தான் ஏற்பார்கள்.

கடைசிக் கேள்விதான் எல்லாவற்றையும்விட முக்கியம். பிஎச்கியூவின் ஒன்பதாவது கேள்வி சாவு பற்றியது. அதில் 0 தவிர என்ன வந்தாலும் தாளை மூடிவிடாதே. நேரடியாகக் கேள்: எப்போதெல்லாம் அந்த எண்ணம் வருகிறது, எதையாவது செய்ய யோசித்தீர்களா, முன்னால் செய்ததுண்டா? கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. திட்டம் இருக்கிறது என்றால் அவரைத் தனியாக விட்டுவிட்டு பஸ் ஏறாதே. அங்கிருந்தே சூப்பர்வைசருக்குப் போன் போடு, வீட்டில் நம்பிக்கையான ஒருவரை அவர் சம்மதத்தோடு கூப்பிடு, வீட்டில் இருக்கும் பூச்சிமருந்தை அன்றைக்கே அப்புறப்படுத்தச் சொல், அன்றே ராஜாஜி மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போக ஏற்பாடு செய். அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, ராத்திரியிலும் எடுப்பார்கள். இந்த நடைமுறையை ஒரு பக்கத்தில் எழுதி, சூப்பர்வைசர் கையெழுத்தோடு எதிக்ஸ் கமிட்டிக்கும் கொடு, பையிலும் ஒன்று வை. இந்த ஒரு பக்கம் தயாராகாமல் ஒருவரிடமும் கேள்வித்தாளை நீட்டாதே.

---

தெப்பக்குளம் வாத்தியார் பதில்:

முந்தைய பதிலில் மேடம் சொன்ன சிகிச்சை விஷயங்களில் தலையிட எனக்குப் படிப்பில்லை. நான் ஆராய்ச்சி முறையியலும் புள்ளியியலும் எடுப்பவன். ஆனால் 60ஐ விட்டுவிடச் சொல்லும்முன் ஒன்றைச் சொல்ல வேண்டும். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வெளியிலிருந்து வரும் தேர்வாளர் "சாம்பிள் வெறும் ஐந்தா" என்றுதான் முதலில் கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் தயாராக இல்லாவிட்டால் மாணவிக்குத்தான் நஷ்டம். கைடும் அதற்குப் பயந்துதான் 60 என்கிறார், அவரைத் தப்பாக நினைக்க வேண்டாம்.

பதில் இருக்கிறது. யாருக்கு எந்த நாளில் சிகிச்சை தொடங்குவது என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்காமல் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தால், ராண்டமைசேஷன் டெஸ்ட், அதாவது சீட்டு வேறு மாதிரி விழுந்திருந்தால் என்ன பலன் வந்திருக்கும் என்று ஒப்பிடும் சோதனை, செய்ய உரிமை வந்துவிடும். ஐந்து பேரை ஐந்து தொடக்க நாட்களில் 120 விதமாக வைக்கலாம். உங்களுக்கு விழுந்த வரிசையில் கிடைத்த பலன் அந்த 120லும் மிகப் பெரியது என்றால், பி மதிப்பு (சிகிச்சைக்குப் பலனே இல்லாவிட்டாலும் தற்செயலாக இப்படி வரும் வாய்ப்பு) 120ல் ஒன்று, அதாவது 0.008. வழக்கமாக 0.05க்குக் கீழே இருந்தால்தான் ஏற்பார்கள். நான்கு பேர் என்றால் 24ல் ஒன்று, 0.042, மயிரிழையில் தேறும். மூன்று பேர் என்றால் ஆறில் ஒன்று, எவ்வளவு நல்ல பலன் வந்தாலும் 0.05க்குக் கீழே போகவே முடியாது. ஆகவே இடையில் ஒருவர் இருவர் நின்றுபோனாலும் நான்கு பேர் மிஞ்சும்படி ஆறு பேரோடு தொடங்குங்கள். ஆறாவது நபருக்கு 32ஆம் நாள்.

தனித்தனி ஆளுக்கு, ஜேக்கப்சனும் ட்ரூவாக்ஸும் 1991ல் கொடுத்த நம்பகமான மாற்றக் குறியீட்டைப் போடுங்கள், மாற்றம் நிஜமா, வெறும் அளவுப் பிழையா என்று அது சொல்லும். முன் பின் வித்தியாசத்தை அந்த வித்தியாசத்தின் திட்டப் பிழையால் வகுத்தால் 1.96ஐத் தாண்ட வேண்டும். இதையும் வரைபடங்களையும் சேர்த்து வைத்தால் எந்தத் தேர்வாளர் முன்னாலும் உட்காரலாம். வரைபடத்தை எல்லாருக்கும் ஒரே அளவுகோலில், ஒன்றன்கீழ் ஒன்றாக, சிகிச்சை தொடங்கிய நாளில் செங்குத்துக் கோடு போட்டு வரையுங்கள். சராசரியை மட்டும் போட்டு ஆளை மறைத்துவிட்டால் இந்த முறைக்கே அர்த்தமில்லாமல் போய்விடும்.

கைடிடம் பேசும்போது 60 தவறு என்று தொடங்க வேண்டாம். இந்த 120 கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்டுங்கள்.

---

வாடிப்பட்டி நர்சம்மா பதில்:

பாப்பா, நான் கிராம சுகாதார செவிலியர். பெரிய படிப்புக்காரங்க எல்லாம் சொல்லிட்டாங்க. நான் களத்துல பாக்குறதைச் சொல்றேன்.

முதல்ல ரத்தம் பாரு. அசதியா இருக்கு, சாப்பாடு இறங்கல, எதுலயும் மனசு போகலன்னு சொல்ற பொம்பளைங்களுக்கு ஹீமோகுளோபின் பாத்தா எட்டு, ஒம்பதுன்னு நிக்கும். சிலருக்குத் தைராய்டு இருக்கும். ரத்தமில்லாத உடம்புக்கு மனசு வைத்தியம் மட்டும் குடுத்தா என்ன ஆகும்? ஆரம்ப சுகாதார நிலையத்துல ஒரு தடவை காட்டிட்டு அப்புறம் உன் லிஸ்ட்ல சேத்துக்க. தூக்கத்தைப் பத்தியும் கவனமா கேளு. பூப்பறிக்க அர்த்த ராத்திரியில எந்திரிக்கிறவ தூக்கம் கெட்டுத்தான் போகும், அது வேலை கெடுக்கிறது. வேலையில்லாத நாள்லயும் தூக்கம் வரலையான்னு கேட்டாத்தான் உனக்கு வெளங்கும்.

குழுக் கூட்டம் நடக்கிற எடத்துல வச்சுப் பேசாத. ஒருத்தி அழுதா சாயங்காலத்துக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிரும். வீட்டுலயும் முடியாது, மாமியா உள்ள இருந்து காதைக் குடுத்துக்கிட்டே இருக்கும். துணை சுகாதார நிலையத்துல மத்தியானம் கூட்டம் இருக்காது, அங்க ஒரு ரூமு கேளு. பிரஷர் பாக்க வந்தேன்னு சொன்னா யாரும் மேல கேக்க மாட்டாங்க. உங்க ஊரு நர்சுகிட்டயும், மக்களைத் தேடி மருத்துவத்துல வீடு வீடா போற தன்னார்வலர் அக்காகிட்டயும் முதல்லயே பேசிரு. அவங்களுக்குத் தெரியாம ஊருக்குள்ள எதையும் செய்ய முடியாது, செய்யவும் கூடாது. ஆனா யாரு என்ன சொன்னாங்கன்னு அவங்ககிட்டயும் சொல்லாத.

பூவோட காலத்தையும் கணக்குல வச்சுக்க. மார்கழி, தையில பனிக்குப் பூ வராது, வேலை கொறையும், கையில காசு இருக்காது. பங்குனியில வரத்து கூடும். நீ தையில ஆரம்பிச்சுப் பங்குனியில முடிச்சா, கையில நாலு காசு பொழங்குறதாலயே முகம் தெளியும். அதை உன் வைத்தியம்னு எழுதிறக் கூடாதுல்ல. அந்த அக்கா சொன்ன மாதிரி ஒவ்வொருத்தருக்கும் வேற வேற நாள்ல ஆரம்பிச்சா இது பிடிபடும்னு எனக்குப் படுது. அதோட ஒவ்வொருத்தரும் அந்த வாரம் எத்தனை நாள் பூவேலைக்குப் போனாங்கன்னும் குறிச்சு வை.

ப்ராஜெக்ட் முடிஞ்சதும் கைய உதறிட்டுப் போயிராத. நெறைய பேரு வந்து ஃபாரத்தை நெப்பிட்டுப் போயிருக்காங்க, திரும்பி வந்தது யாருமில்ல. எங்க பொம்பளைங்களுக்கு அதுல மனசு ஆறவே இல்ல.

---

செல்லம்பட்டிப் பொண்ணு பதில்:

அக்கா, சார், நர்சம்மா, மூணு பேருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. எல்லாத்தையும் நோட்டுல எழுதிக்கிட்டு கைடைப் போய்ப் பாத்தேன். சார் சொன்ன மாதிரி 120 கணக்கைத்தான் முதல்ல காட்டினேன். தாளை ரெண்டு தடவை பாத்தாங்க, நாலு பேரு ஆனா என்னன்னு அவங்களே கேட்டாங்க, 24ன்னு சொன்னேன். "சரி, ஆறு பேரா வச்சு மறுபடி எழுதிட்டு வா"ன்னுட்டாங்க. இணை வழிகாட்டிக்கு யாரைக் கேக்கலாம்னும் அவங்களே ரெண்டு பேரைச் சொன்னாங்க. எங்க ஊரு நர்சம்மா மத்தியானம் ரூமு தர்றதா சொல்லிட்டாங்க.

இன்னும் ரெண்டு சந்தேகம். எங்க சொந்தக்காரங்களையே சேக்கலாமா? அப்புறம், 32 நாள் காத்திருக்கிறவங்களுக்கு இடையில மோசமாயிட்டா சீட்டுல விழுந்த தேதிக்காக நிறுத்தி வைக்கணுமா?

---

நாகமலை அடிவாரம் பதில்:

சொந்தக்காரர்கள் வேண்டாம். சித்தி உன்னிடம் உன் சித்தப்பாவைப் பற்றி மனம் திறந்து பேச முடியாது, பேசினால் பிறகு உன்னைப் பார்க்கும்போதெல்லாம் சங்கடப்படுவார். அவர்களுக்கு உதவி தேவைப்பட்டால் வேறு ஆளிடம் கூட்டிப் போ. செல்லம்பட்டியை விட்டு, பஸ் வசதியுள்ள பக்கத்து ஊர் ஒன்றைப் பார்.

காத்திருப்பவர் மோசமானால் தேதியை விட்டுவிடு. அன்றைக்கே சிகிச்சை அல்லது மருத்துவர், எது தேவையோ அது. அவரை ஆய்விலிருந்து விலக்கியதாகக் காரணத்தோடு எழுது. வாத்தியார் ஆறு பேர் வைக்கச் சொன்னது அதற்கும்தான். "ஸ்கோர் 20ஐத் தொட்டாலோ, ஒன்பதாவது கேள்வியில் ஏற்றம் வந்தாலோ காத்திருப்பு ரத்து" என்று திட்டத்திலேயே முன்கூட்டி எழுதிவிடு. காத்திருக்கும் நாட்களில் வாரம் ஒரு தடவையாவது போய்க் காலண்டர் தாளை வாங்கிக்கொண்டு நலம் விசாரி.

நர்சம்மா சொன்னது ரொம்பச் சரி. கடைசி செஷனை வெறும் விடைபெறலாக விடாதே. கோடு ஏறிய நாட்களின் தாள்களை அவரவரிடமே பிரதி எடுத்துக் கொடு, மறுபடி மனசு இறங்கினால் முதலில் எதைத் தொடங்குவது என்று பேசி வை, ஒரு மாதம் கழித்து இன்னொரு தடவை போய் பிஎச்கியூ போடு. தேறாதவர்களை மாவட்ட மனநலத் திட்டத்து டாக்டர் வரும் நாள் விசாரித்து நீயே கூட்டிப் போ.

சீட்டுக் குலுக்குவதைத் தனியாகச் செய்யாதே. ஆறு பேரும் சம்மதக் கையெழுத்துப் போட்டு முடித்த பிறகு, கைடு முன்னால் குலுக்கு. விழுந்த வரிசையை அங்கேயே எழுதி, தேதி போட்டு, இரண்டு பேரும் கையெழுத்திடுங்கள். அந்தத் தாளை தீசிஸின் பின்னிணைப்பில் வை.